சத்தம் போடும் சட்டைக்கு எஜமான் யார்?

சட்டை என்பது வெயில், மழை, குளிர் ஆகியவற்றிலிருந்து உடம்பைக் காப்பாற்றிக்கொள்ளவும், மானத்தை மறைக்கவும், கொஞ்சம் அழகுக்காகவும் ஏற்பட்டது என்பதாகவே நாம் இதுவரை எண்ணி வந்திருக்கிறோம். ஆனால் மேல்நாடுகளில் சுமார் நாற்பது வருஷ காலமாகச் சிலர் சட்டைக்கு மற்றொரு வேலையும் கொடுத்துப் பார்த்து வருகிறார்கள். அதாவது, சட்டையின் கைப்பட்டியைத் தடவினால் பாட்டு ஆரம்பிக்கிறது. கையை உயர்த்தினால் சுருதி ஏறுகிறது. விரலை மடக்கினால் பாட்டு நிற்கிறது. துணிக்குள் ஓடும் உலோக நூல், பையில் கிடக்கும் செல்போனோடு கம்பியில்லாமல் சம்பந்தம் வைத்துக்கொண்டு, உடுத்தியிருப்பவருடைய தொடுதலையும் அசைவையும் சத்தமாக மாற்றிக் கொடுக்கிறது. இது கட்டுக்கதையல்ல, கடையில் விலைக்கு விற்று, ஜனங்கள் வாங்கி உடுத்தி, துவைத்தும் பார்த்த சங்கதியாகும்.

இந்தச் சங்கதியைக் கேட்டதும் நம்மவர்களில் இரண்டு விதமானவர்கள் இரண்டு விதமாகப் பேசுவார்கள். ஒருவர், "ஆஹா, என்ன ஆச்சரியம்! மனிதன் எங்கேயோ போய்விட்டான்!" என்று வாயைப் பிளப்பார். மற்றொருவர், "தின்ற சோறு செரிக்காதவர்கள் செய்கிற வேலை இது, கட்டத் துணியில்லாதவன் இருக்கும்போது பாடுகிற சட்டை யாருக்கு வேண்டும்?" என்று முகத்தைச் சுளிப்பார். இந்த இரண்டு பேரும் ஒரே தப்பைத்தான் செய்கிறார்கள் என்று நாம் சொல்லுவோம். இரண்டு பேருமே அந்தச் சட்டையைப் பிரித்துப் பார்க்கவில்லை. பார்க்காமலே ஒருவர் கும்பிடுகிறார். பார்க்காமலே மற்றவர் உதைக்கிறார்.

எந்தப் புதிய பொருள் வந்தாலும் அறிவுள்ள மனிதன் அதைப் பற்றிக் கேட்கவேண்டிய கேள்விகள் மூன்று உண்டு. இது எப்படி வேலை செய்கிறது? இதனால் யாருக்கு என்ன பிரயோஜனம்? இதற்கு எஜமான் யார்? முதல் இரண்டு கேள்விகளுக்கும் பதில் சொல்லுவது சுலபம். மூன்றாவது கேள்வியில்தான் அதை உடுத்துகிறவனுடைய மானம் அடங்கியிருக்கிறது.

முதலாவதாக, இது எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். மின்சாரம் ஓடுவதற்கு உலோகம் வேண்டும். உடுத்துவதற்கு மெத்தென்ற நூல் வேண்டும். இரண்டையும் ஒன்றாக்கிவிட்டால் காரியம் பாதி முடிந்தது. இது நமக்கு ஒன்றும் புதிதல்ல. காஞ்சிபுரத்துப் பட்டுப் புடவையின் சுத்த ஜரிகை என்பது என்ன? பட்டு இழையின்மேல் தட்டையாக்கிய வெள்ளிக் கம்பியைச் சுற்றி, அதன்மேல் பொன் முலாம் பூசியதுதானே! வெள்ளியைவிட நன்றாக மின்சாரத்தைக் கடத்தும் உலோகம் வேறில்லை. ஆகவே, கல்யாணப் பெண்ணின் புடவைக் கரையில் தந்திக் கம்பிக்குப் பங்காளியான ஒரு சாமான் நெடுங்காலமாக ஓடிக்கொண்டுதான் இருந்தது. அதில் மின்சாரத்தை விட்டுப் பார்ப்போமே என்ற யோசனை வந்தவர்கள் வேறு தேசத்தார்கள். அவர்கள் வெள்ளி பூசிய நைலான் நூல், எஃகு இழையால் ஆன நூல், செம்புத் தகடு சுற்றிய பட்டு நூல் ஆகியவற்றைக் கொண்டு தையல் போட்டுப் பார்த்தார்கள்.

மனித உடம்பு கொஞ்சம் மின்சாரத்தைத் தன்னிடம் வாங்கி வைத்துக்கொள்ளக் கூடியது. ஆகையால் விரல் பட்டவுடன் அந்த நூலில் இருக்கும் மின்சாரத்தின் நிலை மிகமிகச் சிறிதளவு மாறுகிறது. நகத்தளவுள்ள ஒரு சிப் அந்த மாறுதலைக் கண்டுகொள்ளுகிறது. செல்போனின் கண்ணாடி நம் விரலைத் தெரிந்துகொள்ளுவதும் இதே முறையில்தான். கை ஏறியதா, இறங்கியதா, திரும்பியதா என்பதை மற்றொரு சிப் கண்டுபிடிக்கிறது. செல்போனைச் சாய்த்தால் அதிலுள்ள படமும் சாய்ந்துகொள்கிறதே, அதைச் செய்வதும் அதே வகைச் சிப்தான். இப்படிக் கண்டுகொண்ட சேதியெல்லாம் வெறும் எண்களாகப் புளூடூத் என்னும் குறுந்தூர ரேடியோ வழியாகச் செல்போனுக்குப் போகிறது. இன்ன எண் வந்தால் இன்ன சத்தம் என்று செல்போனில் முன்கூட்டியே எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தச் சத்தம் கேட்கிறது. அவ்வளவுதான்.

ஆகவே, சட்டை பாடுகிறது என்று சொல்லுவதே சரியான பேச்சல்ல. சட்டை சேதி சொல்லுகிறது; போன் பாடுகிறது. வாசகர்கள் இந்த வித்தியாசத்தை மனதில் நன்றாக வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். பின்னால் நாம் சொல்லப்போகும் விஷயம் முழுவதும் இதன்மேல்தான் நிற்கிறது.

இந்த விவரத்தை இவ்வளவு விரித்துச் சொன்னதற்கு வேறொரு காரணமும் உண்டு. நாளைக்கு ஒரு சாமியார் இதே நூலைத் தன் காவித் துணியில் வைத்துத் தைத்துக்கொண்டு, கையை உயர்த்தியவுடன் ஆகாயத்திலிருந்து சங்கொலி கேட்கிறதென்று உட்கார்ந்துவிட்டால், முன்னால் விழுந்து கும்பிட ஆள் வராமல் இருக்காது. நூறு ரூபாய்ச் சாமானைத் தெரியாதவனிடத்தில் காட்டினால் அது அற்புதம். தெரிந்தவனிடத்தில் காட்டினால் அது தையல் வேலை.

இது எப்படி வளர்ந்தது என்பதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். அமெரிக்காவைச் சேர்ந்த லாரி ஆண்டர்சன் என்ற பெண் கலைஞர், தாள இயந்திரத்தின் உறுப்புகளைக் கழற்றித் தன் உடுப்புக்குள் பொருத்திக்கொண்டு, தன் உடம்பையே தட்டித் தாளம் வாசித்தார். அது 1986ஆம் வருஷத்தில் வந்த 'ஹோம் ஆஃப் தி பிரேவ்' என்ற சினிமாவில் இருக்கிறது. பிறகு 1997ஆம் வருஷ வாக்கில், மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் மீடியா லேப் என்னும் ஆராய்ச்சிக் கூடத்தில் மாகி ஆர்த், ரெமி போஸ்ட் முதலானவர்கள் ஒரு ஜீன்ஸ் துணிச் சட்டையை எடுத்து, அதன்மேல் மின்சாரம் ஓடும் நூலால் எண் பலகை ஒன்றைப் பூவேலை செய்வதுபோல் தைத்தார்கள். அந்தப் பூவேலையைத் தொட்டால் சட்டையிலேயே வைத்திருந்த ஒலிபெருக்கியிலிருந்து சுரம் வந்தது. 2000ஆம் வருஷத்தில் பிலிப்ஸ் கம்பெனியும் லீவைஸ் கம்பெனியும் சேர்ந்து, செல்போனும் பாட்டுப் பெட்டியும் உள்ளேயே அடங்கிய ஒரு சட்டையை ஐரோப்பாவில் விற்றன. ஆனால் அதைத் துவைக்கவேண்டுமானால் உள்ளே இருக்கும் சாமான்களை எல்லாம் கழற்றி வைக்கவேண்டும். அந்தக் காலத்தில் யந்திரத்தைச் சட்டைக்குள் திணித்தார்கள். இப்போது எல்லோர் பையிலும் செல்போன் என்ற யந்திரம் இருப்பதால், சட்டைக்கு நூலும் ஒரு சிறு சிப்பும் போதுமென்றாகிவிட்டது.

இனி, இதனால் யாருக்கு என்ன பிரயோஜனம் என்ற இரண்டாவது கேள்விக்கு வருவோம். இமோஜென் ஹீப் என்ற ஆங்கிலப் பாடகி, மேடையில் பெட்டிகளுக்கும் கம்பிகளுக்கும் பின்னால் நின்று பொத்தான்களை அமுக்கிக்கொண்டிருப்பது பிடிக்காமல், 2010ஆம் வருஷத்திலிருந்து விஞ்ஞானிகள், தையல் தெரிந்தவர்கள் ஆகியோரைச் சேர்த்துக்கொண்டு 'மிமு' என்ற கையுறையைச் செய்யச் செய்தார். விரல் மடங்குவதையும் மணிக்கட்டு திரும்புவதையும் அந்தக் கையுறை கம்பியில்லாமல் கம்ப்யூட்டருக்குச் சொல்லுகிறது; கம்ப்யூட்டர் அதை இசையாக்குகிறது. இதைப் பாடகர்களின் அலங்காரம் என்று ஒருவர் தள்ளிவிடலாம். ஆனால் கிரிஸ் ஹால்பின் என்ற இங்கிலாந்து இசைக்காரருக்கு மூளைவாதம் உண்டு. கிட்டாரும் பியானோவும் வாசிப்பது அவருக்கு வரவரக் கஷ்டமாகிக்கொண்டு வந்தது. அவர் இந்தக் கையுறையை மாட்டிக்கொண்டு மேடையில் வாசித்தார். பழைய வாத்தியங்கள் எல்லாம், "எனக்குத் தகுந்தபடி உன் கையை வளை" என்று மனிதனைக் கேட்டன. இந்தக் கையுறை, "உன் கை எப்படி வளைகிறதோ அதற்குத் தகுந்தபடி நான் ஒலிக்கிறேன்" என்கிறது. இது ஒரு சிறிய காரியமா?

அதேபோல், லண்டனில் க்யூட்சர்க்யூட் என்ற கம்பெனியார், ஹாம்பர்க் நகரத்து இளைஞர் இசைக்குழு ஒன்றுக்காக 2016ஆம் வருஷத்தில் ஒரு சட்டை செய்தார்கள். அது சத்தம் போடுகிற சட்டையல்ல. சத்தத்தை வாங்கிக்கொள்ளுகிற சட்டை. மேடையில் வாசிக்கும் வாத்தியங்களின் ஒலி, துணிக்குள் இருக்கும் சிறுசிறு மோட்டார்களின் அதிர்வாக மாறி, காது கேளாதவருடைய முதுகிலும் கையிலும் மார்பிலும் தட்டிச் சொல்லுகிறது. 2024ஆம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் இங்கிலாந்தின் நியூகாசில் கால்பந்து மைதானத்தில், காது கேளாத ரசிகர்கள் இதே வகைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, ஜனக்கூட்டத்தின் ஆரவாரத்தைத் தோலால் தெரிந்துகொண்டார்கள். காது கேளாமை முன்ஜென்ம கர்மம் என்று சொல்லி உட்கார்ந்திருந்தால் இந்தச் சட்டை வந்திருக்குமா? பக்கத்திலிருப்பவன் எதற்காகக் குதிக்கிறான் என்பது தனக்கும் தெரியவேண்டுமென்று ஒரு மனிதன் ஆசைப்பட்டால், அந்த ஆசைக்கு மரியாதை கொடுப்பதுதான் மனிதத்தன்மை.

மற்றொன்றையும் சொல்லவேண்டும். லியா பூக்லி என்ற அமெரிக்கப் பெண்மணி, துணியில் ஊசி நூலால் தைக்கக்கூடிய வட்டமான ஒரு சிறு மின்பலகையைக் கண்டுபிடித்தார். 'லிலிபேட்' என்ற பெயரால் அது 2007ஆம் வருஷம் முதல் கடையில் விற்கப்பட்டது. அதன் ஓரத்தில் தாமரை இதழ்போல் ஓட்டைகள் இருக்கும். பொத்தான் தைப்பதுபோல் தைத்துவிட்டால் போதும். அதன் வரைபடத்தை மூடிவைக்காமல் எல்லோரும் பார்க்கும்படி வெளியிட்டார்கள். இதன் பலன் என்ன ஆயிற்று? மின்சார வேலை என்றாலே ஆண்பிள்ளைகள் வேலை என்றிருந்த இடத்தில், இந்தப் பலகையை வைத்து வேலை செய்து வெளியிட்டவர்களில் பெரும்பான்மையோர் பெண்களாக இருந்ததைப் பிறகு கணக்கெடுத்துக் கண்டார்கள். பெண்களுக்கு யந்திரம் வராது என்று சொன்னவர்கள், பெண்கள் கையில் ஊசியை மாத்திரம் கொடுத்துவிட்டு யந்திரத்தைத் தாங்கள் வைத்துக்கொண்டவர்கள்தான். ஊசியோடு யந்திரமும் சேர்ந்து வந்தவுடன் அந்தப் பொய் கிழிந்துவிட்டது.

ஆகவே, பிரயோஜனம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. நிற்க.

இனி மூன்றாவது கேள்வி. உடம்பில் சத்தம் கட்டிக்கொள்ளுவது மனிதனுக்குப் புதிதே அல்ல. செல்போன் வந்தபிறகு ஏற்பட்டதும் அல்ல. மாட்டின் கழுத்தில் மணி கட்டுகிறோம். மாடு கேட்டா கட்டினோம்? அந்த மணி மாட்டுக்காகவா அடிக்கிறது? மாடு எங்கே மேய்கிறது என்பது மாட்டுக்காரனுக்குத் தெரியவேண்டும் என்பதற்காக அடிக்கிறது. ஆட்டக்காரரும் காலில் சலங்கை கட்டிக்கொள்ளுகிறார். அவர் நினைத்தால் நூறு மணியும் ஒலிக்கும். நினைத்தால் ஒரு மணி மாத்திரம் சிணுங்கும். நினைத்தால் எல்லாம் வாயை மூடிக்கொள்ளும். ஆட்டம் முடிந்தால் அவிழ்த்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போவார். இரண்டும் மணிதான்; இரண்டும் ஒரே பட்டறையில் வார்த்ததாகவே இருக்கலாம். ஆனால் ஒன்று கட்டியவனுக்குக் கீழ்ப்படிகிறது; மற்றொன்று கட்டிக்கொண்டவருக்குக் கீழ்ப்படிகிறது. அடிமைக்கும் சுதந்திர மனிதனுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

மாட்டு மணியை மாட்டோடு நிறுத்திக்கொண்டார்களா என்றால், இல்லை. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவைச் சுற்றிப் பார்த்த பாஹியான் என்ற சீன யாத்திரிகர், சண்டாளர் என்று பெயர் வைக்கப்பட்ட மக்கள் ஊருக்கு வெளியே குடியிருந்ததையும், நகரத்துக்குள்ளோ கடைத்தெருவுக்குள்ளோ வரும்போது ஒரு கட்டையைத் தட்டித் தங்கள் வரவைத் தெரிவிக்கவேண்டியிருந்ததையும் எழுதி வைத்திருக்கிறார். மற்றவர்கள் மேலே படாமல் விலகிப் போவதற்காக அந்தச் சத்தம். அமெரிக்காவில் கறுப்பு மக்களை அடிமைகளாக வைத்திருந்த காலத்தில், ஓடிப்போக முயன்றவர்களின் கழுத்தில் மணி தொங்கும் இரும்பு வளையத்தைப் பூட்டினார்கள். தூங்கும்போது புரண்டாலும் எஜமானனுக்குத் தெரியவேண்டும். ஜாதியின் பேரால் ஒரு தேசமும், நிறத்தின் பேரால் மற்றொரு தேசமும் ஒரே யுக்தியைத்தான் கையாண்டன. அதாவது, தாழ்த்தி வைக்கப்பட்டவன் சத்தமில்லாமல் நடக்கக்கூடாது.

"இதெல்லாம் பழைய கதை, இப்போது யார் அப்படிச் செய்கிறார்கள்?" என்று சிலர் கேட்கலாம். முன்னே ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளச் சொன்னோமே, அதை இப்போது எடுத்துக்கொள்ளுங்கள். சட்டை பாடவில்லை, சேதி சொல்லுகிறது என்றோம். சேதி பக்கத்திலிருக்கும் போனுக்குப் போனால் பாட்டாகிறது. அதே சேதி தூரத்திலிருக்கும் மேஸ்திரிக்குப் போனால் என்ன ஆகும்? மாட்டு மணி ஆகும். முன்காலத்து மணியாவது கட்டியிருப்பவன் காதிலும் விழுந்தது. இந்தக் காலத்து மணி கட்டியிருப்பவனுக்குக் கேட்காது. எஜமானனுக்கு மாத்திரம் கேட்கும்.

இது வெறும் கற்பனை என்று நினைக்கவேண்டாம். சண்டிகார் நகரத்தில் துப்புரவுத் தொழிலாளர்களின் கையில், அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று காட்டும் கடிகாரத்தைக் கட்டச் செய்தார்கள். தங்களை உளவு பார்க்கிறார்கள் என்று சொல்லி அந்தத் தொழிலாளர்கள் 2020ஆம் வருஷத்தில் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அமெரிக்காவில் அமேசான் கம்பெனி, கிடங்கில் வேலை செய்கிறவனுடைய கை எந்தப் பெட்டியின் பக்கம் போகிறதென்று கண்டுபிடித்து, தவறான பக்கம் போனால் மணிக்கட்டில் அதிர்வு கொடுக்கும் ஒரு பட்டிக்கு 2018ஆம் வருஷத்தில் காப்புரிமை பெற்றது. அதை எல்லோர் கையிலும் கட்டிவிட்டார்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. அப்படி ஒன்றைக் கட்டலாம் என்ற யோசனை அவர்களுக்கு வந்தது என்றுதான் சொல்லுகிறோம். காது கேளாதவனுடைய முதுகில் இசையைத் தட்டிச் சொல்லும் அதே சிறு மோட்டார்தான், கூலிக்காரன் மணிக்கட்டில் "கையை அங்கே கொண்டுபோகாதே" என்றும் தட்டக்கூடியது. சாமானில் வித்தியாசமில்லை, எஜமானில்தான் வித்தியாசம்.

"சம்பளம் கொடுக்கிறவன் வேலை நடக்கிறதா என்று பார்க்கக்கூடாதா?" என்று ஒரு கேள்வி வரும். தாராளமாகப் பார்க்கட்டும். தெரு சுத்தமாக இருக்கிறதா என்று தெருவைப் பார்க்கட்டும். தெருக்கூட்டுகிறவனுடைய உடம்பை ஏன் பார்க்கவேண்டும்? உடம்பைப் பார்த்துத்தான் வேலையைக் கணக்கிட வேண்டுமென்றால், மேஜைக்குப் பின்னால் பெரிய சம்பளத்தில் உட்கார்ந்திருப்பவரிடமிருந்து ஆரம்பிக்கட்டுமே! அவர் நாற்காலியில் எத்தனை நாழிகை இருந்தார், கேண்டீனில் எத்தனை நாழிகை இருந்தார் என்பதைச் சட்டையில் தைத்து, ஜனங்கள் பார்க்கும்படி வெளியிடட்டும். அதற்கு அவர் சம்மதிப்பாரானால், பிறகு மற்றவர்களைப் பற்றிப் பேசலாம்.

வீட்டுக்குள்ளும் இதே நியாயம்தான். ஒரு பெண் தனக்கு இஷ்டமிருந்தால் கொலுசு போட்டுக்கொள்ளட்டும். சத்தம் அவளுக்கு அழகாக இருக்கலாம். ஆனால், "வீட்டுக்கு வந்த மருமகள் எந்தப் பக்கம் நடக்கிறாள் என்று தெரியவேண்டும், ஆகையால் போடு" என்று சொல்லுவோமானால், அது வெள்ளியால் செய்த மாட்டு மணி. நாளைக்குப் பெண்களின் பாதுகாப்பு என்ற பேரால் விதவிதமான உடுப்புகள் வரப்போகின்றன. ஆபத்து வந்தால் அந்தப் பெண் ஒரு நூலை இழுத்தவுடன் ஊரே திரும்பிப் பார்க்கும்படி கத்துகிற உடுப்பு வந்தால், நாம் அதை இரண்டு கையாலும் வரவேற்போம். அவள் எந்தத் தெருவில் நடந்தாள், யாரோடு நின்றாள் என்பதை நாள் முழுதும் தகப்பனுக்கோ அண்ணனுக்கோ புருஷனுக்கோ ரகசியமாகச் சொல்லிக்கொண்டிருக்கும் உடுப்பு வந்தால், அதற்குப் பாதுகாப்பு என்று பெயர் வைப்பது சுத்த மோசடி. முன்னது அவளுடைய குரல். பின்னது அவளுக்குப் போட்ட விலங்கு.

சரி, பணம் கொடுத்து நாமே வாங்கிக்கொண்டால் நாம்தானே எஜமான் என்று சிலர் நினைக்கலாம். அதுவும் நிச்சயமில்லை என்பதற்கு ஒரு திருஷ்டாந்தம் சொல்லுகிறோம். கூகுள் கம்பெனியார் 'ஜாக்கார்ட்' என்ற பெயரால், தொட்டால் தெரிந்துகொள்ளும் துணியை நெய்யும் திட்டம் ஒன்றை 2015ஆம் வருஷத்தில் அறிவித்தார்கள். 2017ஆம் வருஷத்தில் லீவைஸ் கம்பெனியோடு சேர்ந்து, சைக்கிளில் போகிறவர்களுக்கென்று ஒரு ஜீன்ஸ் துணிச் சட்டையை 350 டாலருக்கு விற்றார்கள். அன்றைய மதிப்பில் அது 22,000 ரூபாய்க்கு மேல். இடது கைப்பட்டியைத் தட்டினாலும் தடவினாலும் போனில் பாட்டு மாறும். அடுத்துத் திரும்பவேண்டிய வழியைக் காதில் சொல்லும். இவ்வளவும் ஒரு செயலியின் மூலமாகத்தான் நடக்கவேண்டும். 2023ஆம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் கம்பெனி அந்தச் செயலியை நிறுத்திவிட்டது. சட்டை கிழியவில்லை, நூல் அறவில்லை, பொத்தான் விழவில்லை. ஆனால் எங்கோ ஒரு ஆபீசில் எடுத்த முடிவினால், அந்தச் சட்டைகளின் கைப்பட்டி வெறும் துணியாகிவிட்டது. பணம் கொடுத்தவன் வாங்கியது சட்டையை. அதன் குரல் கடைசி வரையில் கம்பெனியிடமே இருந்தது. பத்து ரூபாய்க்கு வாங்கிய புல்லாங்குழலை விற்ற கடைக்காரன் திவாலாகிப்போனாலும், குழல் ஊதாமல் போய்விடுமா?

ஆகவே, இந்த வகை உடுப்பைச் செய்கிறவர்களும், வாங்குகிறவர்களும், பிறர் உடம்பில் மாட்டிவிட நினைக்கிறவர்களும் கவனிக்கவேண்டியதாக நாம் சில நிபந்தனைகளைச் சொல்லுகிறோம்.

ஒன்று, உடுத்தியிருப்பவர் நினைத்த மாத்திரத்தில் அது வாயை மூடவேண்டும். அந்தச் சுவிட்சு அவர் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கவேண்டும். வேறொருவருடைய உத்தரவுக்காகக் காத்திருக்கும்படி இருக்கக்கூடாது.

இரண்டு, அது சொல்லும் சேதி யாருக்குப் போகிறது என்பது சாதாரண பாஷையில், அவரவர் தாய்மொழியில், சட்டையிலேயே எழுதியிருக்கவேண்டும். எந்தத் தண்ணீரில் துவைக்கவேண்டும் என்று கழுத்துப் பட்டியில் அச்சடிக்கத் தெரிந்தவர்களுக்கு, சேதி எங்கே போகிறதென்று அச்சடிக்கத் தெரியாதா?

மூன்று, செய்த கம்பெனி இருந்தாலும் போனாலும் அது வேலை செய்யவேண்டும். சட்டைக்கும் போனுக்கும் நடுவில் நடக்கவேண்டிய பேச்சுக்கு, சமுத்திரத்துக்கு அப்பாலிருக்கும் கம்ப்யூட்டரின் அனுமதி எதற்கு?

நான்கு, கெட்டுப்போனால் பிரித்துத் தைக்கக்கூடியதாக இருக்கவேண்டும். லிலிபேட்டின் வரைபடத்தைத் திறந்து காட்டியதுபோல் இதையும் காட்டவேண்டும். ஊரிலிருக்கும் தையற்காரரும் செல்போன் ரிப்பேர் செய்கிறவரும் சேர்ந்து உட்கார்ந்தால் சரிசெய்ய முடியாத ஒன்றை மக்கள் உடுப்பு என்று சொல்லக்கூடாது.

ஐந்து, ஒருவருடைய சட்டைச் சத்தம் மற்றவருடைய காதுக்குத் தொல்லையாகக் கூடாது. திருவிழா ஒலிபெருக்கிகளால் நம் ஊர்களில் காது படும் பாடு போதும். பஸ்ஸில் ஐம்பது சட்டைகளும் ஐம்பது பாட்டுப் பாடினால் அது கலையல்ல, கலகம். என் சுதந்திரம் என் சட்டை வரைக்கும். உன் காது உன்னுடையது.

கடைசியாக, ஏழைக்கு இது எதற்கு என்று கேட்ட நண்பருக்கும் பதில் சொல்லவேண்டும். கட்டத் துணியில்லாதவனுக்கு முதலில் துணி வேண்டும் என்பதில் நமக்கு அவரைவிட அதிகமாக அக்கறை உண்டு. ஆனால் அதற்காக, புதியதைத் தெரிந்துகொள்ளுவது பணக்காரன் வேலை, ஏழை ஒதுங்கி நிற்கட்டும் என்று சொல்லுவது ஏழைக்குச் செய்யும் உபகாரமாகாது. யோசித்துப் பாருங்கள், இந்த வித்தை நம் மக்களிடம் எந்த ரூபத்தில் முதலில் வந்து சேர்ந்தது? பாட்டுக் கையுறையாகவா வந்தது? காது கேளாதவனுக்குச் சட்டையாகவா வந்தது? தெருக்கூட்டுகிறவன் கையில் கடிகாரமாகவல்லவா வந்தது! பணக்காரனுக்குச் சலங்கையாகவும், ஏழைக்கு மாட்டு மணியாகவும் வந்து சேரும் ஒரு பொருளைப் பற்றி, ஏழைதான் முதலில் தெரிந்துகொள்ளவேண்டும்.

ஆதலால் தோழர்களே, இதைக் கண்டு பயப்படவும் வேண்டாம், பிரமிக்கவும் வேண்டாம். உங்கள் பிள்ளைகளுக்கு, பெண் பிள்ளைகளுக்கு முக்கியமாக, ஊசி நூலோடு சேர்த்து இந்த மின்சார நூலையும் கையில் கொடுங்கள். ஒரு பேட்டரி, ஒரு சிறு விளக்கு, ஒரு முழம் உலோக நூல் இருந்தால் ஆரம்பப் பாடத்துக்குப் போதும். பள்ளிக்கூடத்தில் தையல் வகுப்பு ஒரு பக்கமும் விஞ்ஞான வகுப்பு மற்றொரு பக்கமும் இருப்பதற்குப் பதிலாக, இரண்டையும் ஒரே மேஜையில் போடச் சொல்லி உபாத்தியாயர்களைக் கேளுங்கள். தொழிற்சங்கத்தில் இருப்பவர்கள், நாளைக்கு முதலாளி புதுச் சீருடை கொடுக்கும்போது துணி எத்தனை கெஜம் என்று கேட்பதோடு நில்லாமல், "இதற்குள் என்ன நூல் ஓடுகிறது, அது யாரோடு பேசுகிறது?" என்றும் கேளுங்கள். பதில் வராவிட்டால், வருகிற வரையில் மாட்டிக்கொள்ளாதீர்கள்.